முன்வளையத்தில் யேனா, உள்ளே கிராஸ்னோகோர்ஸ்க்: ஓர் ஏல லென்ஸின் நிகழ்வு ஆய்வு

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவருக்குப் பழைய லென்ஸ் சேர்க்கும் பழக்கம் உண்டு. சென்ற ஆண்டு இணைய ஏலத்தில் அவர் எடுத்த ஒரு லென்ஸைப் பற்றியது இந்தக் குறிப்பு. விற்றவர் கிழக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு சிறு ஊர்க்காரர். ஏலத்தின் தலைப்பு இவ்வளவுதான்: கார்ல் ஸைஸ் யேனா ஸோனார், 5 செ.மீ., எஃப் 1.5, லைக்கா மரை, போர்க்காலத் தயாரிப்பு, மிக அரிது. அதாவது ஜெர்மனியின் யேனா ஊரில் ஸைஸ் நிறுவனம் செய்த ஸோனார் என்ற லென்ஸ், லைக்கா கேமராவில் திருகி மாட்டும் வகை. எஃப்-க்குப் பின்னால் வரும் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும், அதைத்தான் வேகமான லென்ஸ் என்பார்கள். அறுநூறு டாலரை ஒட்டி ஏலம் முடிந்தது. அனுப்பும் செலவும் சுங்கமும் தனி.

வந்து சேர்ந்தது ஸோனார் இல்லை. சோவியத் நாட்டில் செய்த ஜூபிடர்-3. முன்னால் இருக்கும் பெயர் வளையத்தில் மட்டும் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலை புதிதில்லை. ஃபெட், ஸோர்க்கி போன்ற சோவியத் கேமராக்களின் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, பித்தளை பளபளக்க மெருகேற்றி, ஜெர்மன் விமானப்படைக் கழுகையும் குத்தி விற்பவர்கள் சோவியத் யூனியன் உடைந்த காலத்திலிருந்தே சந்தையில் இருக்கிறார்கள். அந்தக் கழுகு கேமராக்களைப் பார்த்துப் பழகியவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். லென்ஸ் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. நண்பர் விவரம் தெரிந்தவர். ஏலத்துக்கு முன்பே வரிசை எண்ணை ஸைஸ் எண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "நம்பர் நாப்பதுகள்ல கரெக்டா உக்காருதுங்ணா" என்று போனில் சொன்னார். உட்காரத்தான் செய்தது. அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது, எண்ணைப் பொறித்தவனுக்கும் சேர்த்து.

ஒரே கணக்கு, இரண்டு தொழிற்சாலை

ஜூபிடர்-3ஐ ஸோனார் என்று விற்க முடிகிறதென்றால், இரண்டும் பிறப்பிலேயே ஒன்று என்பதுதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

லுட்விக் பெர்டெலெ என்ற ஜெர்மானியர், டிரெஸ்டனில் எர்னெமன் நிறுவனத்தில் இருபத்து சொச்சம் வயதில் எர்னோஸ்டார் என்ற லென்ஸை வடிவமைத்தார். 1924-இல் எர்மனாக்ஸ் கேமராவில் எஃப் 2 என்ற அளவில் அது வந்தது. ஃபிளாஷ் இல்லாமல் உள்ளரங்கில் படம் எடுக்க முடியும் என்பதே அன்று அதிசயம். எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் ஆட்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்கள் அந்தக் கேமராவில் எடுத்தவை. 1926-இல் எர்னெமன் மற்ற சில நிறுவனங்களோடு இணைந்து ஸைஸ் ஐகான் ஆனது. பெர்டெலெயும் அதோடு ஸைஸ் ஆளானார். எர்னோஸ்டாரை மேலும் செப்பனிட்டதில் பிறந்ததுதான் ஸோனார். 1932-இல் லைக்காவுக்குப் போட்டியாகக் கான்டாக்ஸ் கேமரா வந்தபோது அதன் பெரிய பலமே இந்த லென்ஸ்தான்.

எஃப் 1.5 ஸோனாரில் ஏழு வில்லைகள். ஏழையும் ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே தொகுதிகளாக ஆக்கியிருந்தார் பெர்டெலெ. அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. கோட்டிங் இல்லாத கண்ணாடி காற்றைச் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். திரும்பிய ஒளி உள்ளேயே சுற்றிப் படத்தை வெளுக்கச் செய்யும். மூன்று தொகுதிக்கு ஆறு பரப்பு. லைக்கா பக்கம் 1936-இல் வந்த ஸீனான் எஃப் 1.5-க்கும் ஏழு வில்லைதான், ஆனால் ஐந்து தொகுதி, பத்துப் பரப்பு. கணக்குப் போட்டால் ஸோனாரில் வந்த ஒளியில் 78 சதவீதம் ஃபிலிமுக்குப் போகும், ஸீனானில் 66 சதவீதம்தான். வெளிச்சத்துக்கு எதிரே கேமராவைத் திருப்பும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 1935-இல் ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா ஒளித்திருப்பத்தைக் குறைக்கும் கோட்டிங்கைக் கண்டுபிடித்த பிறகு இந்த அனுகூலம் மெல்லக் கரைந்தது. ஆனால் போருக்கு முந்தைய வருடங்களில் வேகமான லென்ஸ் என்றால் ஸோனார்தான்.

அப்புறம் போர். 1945 ஏப்ரலில் யேனாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்தது. ஜூலையில் ஊரைச் சோவியத் படையிடம் விட்டுப் போகும்போது ஸைஸின் முக்கிய நிபுணர்களை அமெரிக்கர்கள் தங்களோடு மேற்கே அழைத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒரு பகுதியை 1946 அக்டோபரில் சோவியத் தரப்பு தன் நாட்டுக்குக் கொண்டு போனது. எந்திரங்களும் போயின. கான்டாக்ஸ் கேமராவின் கருவிகள் கீவ் நகரத்து அர்செனல் ஆலைக்குப் போய், கேமரா கீவ் என்ற பெயரில் 1947 முதல் வெளிவந்தது. லென்ஸ் வேலை மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்க் ஆலைக்குப் போனது. தொடக்கத்தில் அங்கே கோத்த லென்ஸ்களில் யேனாவிலிருந்து வந்த ஜெர்மன் கண்ணாடியே இருந்தது. "கிராஸ்னோகோர்ஸ்க் ஸோனார்" என்பதன் சுருக்கமான இரண்டு ரஷ்ய எழுத்துகளை அவற்றின் வளையத்தில் போட்டார்கள். ஜெர்மன் கண்ணாடி தீரத் தீர, சோவியத் கண்ணாடி வகைகளுக்கு ஏற்ப வளைவுகளை மறுபடி கணக்கிட்டுப் பெயரையும் ஜூபிடர் என்று மாற்றினார்கள். எஃப் 1.5 ஜூபிடர்-3 ஆனது, எஃப் 2 ஜூபிடர்-8 ஆனது. கீவ் கேமராவின் மவுன்டிலும் (லென்ஸ் மாட்டும் வாய்) செய்தார்கள், லைக்காவைப் பார்த்துச் செய்த ஸோர்க்கியின் 39 மி.மீ. மரையிலும் செய்தார்கள். பின்னால் ஸகோர்ஸ்க் ஆலையும் அதற்குப் பிறகு வால்டாய் ஆலையும் ஜூபிடர்-3ஐத் தொடர்ந்தன.

ஆக, ஏலத்துக்கு வந்த இந்தப் பண்டம் ஸோனார் போல நடிக்கும் ஏதோ ஒரு லென்ஸ் இல்லை. அதே ஏழு வில்லை, அதே மூன்று தொகுதி. எடுத்த படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன் என்று யாராவது பந்தயம் கட்டினால் எதிர்ப்பக்கம் பணம் வைக்க நான் தயார். போருக்குப் பிறகு ஸோனாரின் வடிவமைப்புக் கணக்கை ஜப்பானியர்களும் எடுத்துக்கொண்டார்கள். நிக்கோரின் 50 மி.மீ. எஃப் 1.4 அந்த வழியில் வந்ததுதான். கேனனும் ஒன்று செய்தது. அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை, ஏனென்றால் அவை சொந்தப் பெயரில் விற்றன. ஜூபிடர்-3ம் சொந்தப் பெயரில் கௌரவமாகத்தான் விற்றுக்கொண்டிருந்தது. 2016-இல் லோமோகிராஃபி நிறுவனம் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையிலேயே அதைப் புதிதாகச் செய்து விற்கும் அளவுக்கு அதற்கு மவுசு இருந்தது. பழைய ஜூபிடர்-3 நல்ல நிலையில் இருந்தால் நூற்றைம்பது, இருநூறு டாலர் போகும். அறுநூறுக்கும் இருநூறுக்கும் இடையே இருப்பது கண்ணாடி இல்லை, வளையத்தில் உள்ள எழுத்து.

இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் ஸைஸ் லைக்கா மரையில் ஸோனாரை உண்மையிலேயே சிறு எண்ணிக்கையில் செய்தது. அதெல்லாம் இல்லவே இல்லை என்றால் நண்பர் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். இருக்கிறது, ஆனால் அரிது, பார்த்தவர் குறைவு, போர் முடிந்த குழப்பத்தில் மிச்சப் பாகங்களை வைத்துக் கோத்தவையும் கொஞ்சம் சுற்றுகின்றன. "அசல் இப்படித்தான் இருக்கும்" என்று அடித்துச் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். ஏதாவது பொருந்தாமல் தெரிந்தால் "போர்க்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று வாங்குபவரே விற்பவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொள்வார். கழுகு கேமராவை விட இது பல மடங்கு சாமர்த்தியமான தேர்வு.

ஏலத்தில் யார் வரவில்லை

ஏலம் நடந்த தளத்தில் வழக்கமான முறைதான். அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று தளத்திடம் சொல்லிவிட்டால், அடுத்தவரின் தொகைக்கு ஒரு படி மேலே வரை தளமே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். ஜெயித்தவர் கொடுப்பது இரண்டாம் ஆளின் தொகையும் ஒரு படியும்தான். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய ஏலக் கோட்பாட்டுக்கு நெருங்கிய உறவு இது. அதன்படி உண்மையான மதிப்பை முதல் நாளே போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். நடைமுறையில் பழைய பொருள் ஏலத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கடைசிப் பத்து வினாடியில்தான் கூட்டம் வரும்.

ஏன் என்பதை ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார்கள். அன்று ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசான் நடத்திய ஏலத்தில் கடைசியில் யாராவது கேட்டால் நேரம் பத்து நிமிடம் நீளும். கடைசி நேரக் கேட்பு ஈபேயில் அதிகம். ஈபேக்குள்ளேயே பார்த்தால் கணினிகளை விடப் பழம்பொருள்களில் அது இன்னும் அதிகம். கணினியின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். பழம்பொருளில் விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால், "அவரே கேட்கிறார், அப்போது அசல்தான்" என்று மற்றவர்களும் ஏறிவிடுவார்கள். அதனால் தெரிந்தவர் வாயைத் திறக்காமல் கடைசி நொடி வரை காத்திருப்பார்.

நமது ஏலத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது. முடிந்த பிறகு நண்பர் கேட்புப் பட்டியலை எனக்கு அனுப்பினார். பெயர்கள் மறைத்திருக்கும், ஆனால் ஒவ்வொருவரும் எத்தனை வியாபாரம் செய்தவர் என்ற எண்ணிக்கை தெரியும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு பேர் சின்னச் சின்னப் படியாக ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் புதியவர்கள். கடைசி நிமிடத்தில் நண்பரும், எண்ணிக்கை குறைந்த இன்னொருவரும் மட்டும். ஸைஸ், லைக்கா அரிய பொருள் எங்கே வந்தாலும் வந்து நிற்கும் ஆயிரக்கணக்கான எண்ணிக்கைக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. அசல் என்றால் இந்த விலை ஆயிரத்தைத் தாண்டாமல் நின்றிருக்காது. தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போய்விட்டார்கள்.

அந்த மௌனம்தான் இருந்ததிலேயே நம்பகமான சான்று. ஆனால் ஏலம் முடிவதற்கு முன் அதைப் படிக்க வழியில்லை. அசலாக இருந்தாலும் கடைசிப் பத்து வினாடி வரை அதே மௌனம்தான் இருக்கும். அவர்கள் வரவில்லை என்பது ஜெயித்த மறுநொடிதான் தெரியும். குறித்த நொடியில் முடியும் ஏலத்தில் இதற்கு மருந்து இல்லை. ஏலத்துக்கு வெளியே, நம்பகமான நாலு சேகரிப்பாளர்களிடம் முன்கூட்டியே இணைப்பை அனுப்பிக் கேட்பதுதான் ஒரே வழி. அதில் ஒருவர் "விட்டுடு" என்று சொல்லிவிட்டு அவரே கடைசி நொடியில் வாங்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. இந்த வட்டத்தில் அதுவும் நடப்பதுதான்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் இருந்த படங்களில் பாதி முன்வளையத்தின் படங்கள்: நேராக, சாய்வாக, இன்னும் கிட்டத்தில். பின்பக்கம் எல்லாப் படத்திலும் மூடியோடு. நண்பர் மூடியைக் கழற்றி ஒரு படம் கேட்டார். "தாத்தாவின் பொருள், எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, உள்ளபடி விற்கிறேன்" என்று பதில் வந்தது. படம் வரவில்லை. மூடியைக் கழற்ற எந்த ஞானமும் தேவையில்லை. காட்டச் செய்த பாகத்தையே திரும்பத் திரும்பக் காட்டி, மற்றதைக் கேட்டால் தாத்தாவைக் கூப்பிடுபவரிடம் வாங்காமல் இருப்பது என் கட்சி. நண்பர் கட்சி வேறு: "ஏமாத்துறவன் தாத்தா கதை சொல்லுவான், நெசமாவே தாத்தா இருக்கறவனும் அதேதான சொல்லுவான்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. கிராமத்து வீட்டுப் பரணிலிருந்து அசல் சாமான் வருவதும் உண்மைதான். அந்த ஆசையில்தான் பாதிப் பேர் இந்த விளையாட்டில் இருக்கிறோம்.

பிரிப்பதற்கு முன்

பொட்டலம் வந்ததும் நண்பர் சந்தேகப்பட்டார். காரணம் லென்ஸ் அறிவு இல்லை, லேத் அறிவு. "குழாய்ல இருக்கற நர்லிங் எல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. வளையம் மட்டும் நேத்து சக்குல இருந்து எறக்குன மாதிரி இருக்குங்ணா." நர்லிங் என்பது விரலுக்குப் பிடி கிடைக்கப் போடும் வரிகள், சக்கு என்பது லேத்தில் பாகத்தைப் பிடிக்கும் தாடை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவர் சொன்னது சரி. வளையத்தின் முகத்தில் வட்ட வட்டமாக டூல் போன தடம் புதிதாக இருந்தது. பழைய எழுத்தை அழிக்க முகத்தை ஒரு வெட்டு எடுத்து, மேலே கருப்பு ஏற்றி, புதிதாகப் பொறித்திருக்கிறார்கள். ஒரு வெட்டு எடுத்தால் வளையம் மெலியும். அவர் வெர்னியர் ஆழமானியை வைத்து அளந்தபோது, வளையம் குழாயின் விளிம்புக்குள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் உள்வாங்கி இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி. தொழிற்சாலையில் அப்படி விட மாட்டார்கள்.

எழுத்துகளில் பொறித்த பள்ளத்தின் ஆழம் ஒரே சீராக இல்லை. "ஸோனார்" என்ற சொல்லில் தொடக்கம் ஆழமாகவும் முடிவு மேலோட்டமாகவும் இருந்தது. வெள்ளை நிறம் பள்ளத்தின் கரை தாண்டிக் கசிந்திருந்தது. சிவப்பு எழுத்து இன்னும் சுவாரசியம். கோட்டிங் உள்ள ஸைஸ் லென்ஸில் சிவப்பில் ஆங்கில "டி" எழுத்து இருக்கும். சோவியத் லென்ஸில் அதே பொருளில், அதே சிவப்பில் ஒரு ரஷ்ய எழுத்து இருக்கும். நம் "ப"வைக் கவிழ்த்து வைத்தால் எப்படியோ அப்படி. பொறித்தவருக்குச் சிவப்புச் சாயம்கூட மாற்ற வேண்டிய தேவை இருந்திருக்காது. 1.5 என்பதில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருந்ததை நண்பர் ஏலத்தின்போது அசல் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஜெர்மானியர் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள் என்பது சரி. ரஷ்யர்களும் அப்படித்தான் போடுவார்கள், ஜூபிடரிலும் அது இருக்கும்.

இவ்வளவும் லென்ஸைத் திறக்காமலேயே பார்த்தது. திறக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். திறந்த பிறகு புகார் கொடுத்தால் "நீங்கள்தான் பாகத்தை மாற்றிவிட்டீர்கள்" என்று விற்பவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. எனவே முதலில் படங்கள், பிறகு குவியச் சோதனை, பிறகுதான் திருகுளி என்று முடிவு செய்தோம்.

குவியச் சோதனைக்கு என்னிடம் உள்ள லைக்கா எம்3ஐ எடுத்துக்கொண்டோம். மரை லென்ஸை அதில் மாட்ட ஒரு வளையம் போதும். பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் திறந்து வைத்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்து லூப்பில் (சிறு உருப்பெருக்கி) பார்ப்பது. தூரத்துக் கட்டடத்துக்குக் கூர்மை சரியாக வந்தது. ஒரு மீட்டரில் ரேஞ்ச்ஃபைண்டரில் (தூரம் பார்த்துக் குவியம் வைக்க உதவும் கேமரா உறுப்பு) இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் கண்ணாடியில் எழுத்து கரைந்து தெரிந்தது.

இதற்குக் கணக்கு உண்டு. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர், 50 மி.மீ. லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 51.6 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு அமைந்தது. கான்டாக்ஸ் வழியில் வந்த ஸோனாரும் ஜூபிடரும் 52.4 மி.மீ. பக்கம். ஒரு மீட்டரில் இருக்கும் பொருளுக்கு 51.6 லென்ஸ் 2.81 மி.மீ. முன்னே நகர வேண்டும், 52.4 லென்ஸ் 2.90 மி.மீ. நகர வேண்டும். வித்தியாசம் 0.09 மி.மீ. எஃப் 1.5-இல் கண் மன்னிக்கும் அளவு இரண்டு பக்கமும் 0.045 மி.மீ. போல. இரண்டு மடங்கு தவறு. எஃப் 5.6-இல் எடுத்தால் தெரியவே தெரியாது. இந்த லென்ஸை எஃப் 1.5-க்காகத்தானே வாங்குகிறோம்? சோவியத் மரை லென்ஸ்களைப் பற்றி லைக்காக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் குறை இது. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எண்பது வயது லென்ஸில் வழியில் யார் யார் ஷிம் (குவியம் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய வளையம்) மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அசலே கெட்டுப்போயிருந்தாலும் இப்படித் தவறும். புகாரில் இதைத் துணைச் சான்றாக மட்டும் சேர்த்தோம்.

திறந்தது ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல். அப்பர்ச்சர் வளையத்தைப் பிடிக்கும் தலையில்லாத குட்டித் திருகுகள் மூன்று. மூன்றின் பள்ளமும் ஏற்கெனவே யாரோ பொருந்தாத திருகுளி போட்டுக் கடித்து வைத்திருந்தார்கள். கண்ணாடித் தொகுதி ஹெலிகாய்டிலிருந்து (குவியத்துக்காக லென்ஸை முன்பின் நகர்த்தும் மரைக் குழாய்) முழுதாகத் திருகிக் கழன்றது. அடியில் குவியம் சரிசெய்யும் ஷிம் வளையம். தொகுதியின் வெளிச்சுவரில், கோக்கும்போது பாகங்கள் மாறிவிடாமல் இருக்கத் தொழிலாளி ஊசியால் கீறிய நான்கு இலக்கங்கள். ஹெலிகாய்டின் உட்புறத்திலும் அதே நான்கு. முன்வளையத்தில் பொறித்திருந்த எண்ணின் கடைசி நான்கோடு அவை பொருந்தவில்லை. பக்கத்தில் ஒரு ரஷ்ய எழுத்து, கையால் கீறியது. யேனாவில் வேலை செய்தவர் அந்த எழுத்தைப் போட்டிருக்க வழியில்லை.

வளையத்தை மாற்றியவருக்கு உள்ளே இருந்த கீறலை அழிக்க ஐந்து நிமிடம் போதும். அவர் திறக்கவே இல்லை, அல்லது வாங்குபவர் திறக்கமாட்டார் என்று நம்பினார். திருகுப் பள்ளம் கடிபட்டிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏலத்துக்கு வரும் லென்ஸில் யாரும் தொடாத இடம் என்று ஒன்று எப்போதும் இருக்கும். விற்பவரிடம் கேட்க வேண்டிய படம் அந்த இடத்தின் படம்தான்: மூடி கழற்றிய பின்பக்கம், ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் உருளையின் உட்சுவர், ஒளி ஊடுருவப் பிடித்த கண்ணாடி. கடைசிப் படம் பங்கஸும் ஒட்டு விட்ட வில்லையும் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆகும். முன்வளையத்தின் படம் எதற்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் வளையம் உள்வாங்கியிருப்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கலாம். ஆனால் அதில் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம்.

புகாரும் தீர்வும்

ஏலத் தளத்தில் "விவரித்தபடி இல்லை" என்ற வகையில் புகார் பதிந்தோம். கீறிய எண்ணின் படம், ஆழமானி வைத்த படம், வீடியோ இணைப்பு, பக்கத்துக்கு மிகாத விளக்கம். விளக்கத்தில் மோசடி என்ற சொல்லைப் போடவில்லை. விற்பவர் செய்தாரா, அவர் வாங்கும்போதே அப்படி இருந்ததா என்பதற்கு நம்மிடம் ஆதாரம் கிடையாது. முன்வளையம் இந்த லென்ஸுக்கு உரியதில்லை, தலைப்பில் சொன்ன பொருள் இது இல்லை, அவ்வளவுதான் எழுதினோம். இந்த மாதிரி விஷயத்தில் கோபமாக எழுதிய புகாரை விட அளவோடு எழுதியது சீக்கிரம் நகரும்.

விற்பவர் முதலில் தாத்தாவைத் திரும்பக் கூப்பிட்டார். வீடியோவைப் பார்த்த பிறகு இரண்டு வழி சொன்னார்: லென்ஸைத் திருப்பி அனுப்பினால் முழுத் தொகை, வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் திரும்பத் தருகிறேன். 

எனக்கு முதல் வழிதான் சரி என்று பட்டது. நண்பர் இரண்டாவதை எடுத்தார். "திருப்பி அனுப்புனா அடுத்த மாசமே இதே வளையத்தோட இன்னொருத்தருக்குப் போகுங்ணா" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். முழுப் பணத்தோடு பிரச்சினை நம்மைவிட்டுப் போகும், சந்தையை விட்டுப் போகாது. வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு லென்ஸை அனுப்பலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அது புகாரையே கெடுத்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

பழைய ஷிம்முக்குப் பதில் கொஞ்சம் தடித்த ஒன்றை அவரே தன் பட்டறையில் செய்தார். ஒரு மீட்டரிலும் ஒன்றரை மீட்டரிலும் எஃப் 1.5-இல் கூர்மை வருகிற மாதிரி, தூரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. முகம் எடுக்கும் லென்ஸுக்கு அந்த விட்டுக்கொடுத்தல் பரவாயில்லை. வளையத்தின் உட்புறத்தில் "ஜூபிடர்-3, வளையம் போலி" என்று ஊசியால் கீறி, திரும்ப மாட்டிவிட்டார். இன்று ஒருவேளை அவர் விற்றாலும், அவருக்குப் பிறகு யார் விற்றாலும், திறந்து பார்ப்பவருக்கு விவரம் கிடைக்கும்.

பாதிக்கு மேல் திரும்பி வந்ததில் லென்ஸின் விலை கிட்டத்தட்ட ஒரு நல்ல ஜூபிடர்-3 விலைக்கு இறங்கிவிட்டது. சுங்கம் மட்டும் அறுநூறு டாலர் ஸோனாருக்குக் கட்டியது. அந்தத் தொகை திரும்பவில்லை.